நில்வெவைக்குப் போன மண்

கொழும்பு பஸ்ஸிலிருந்து கிஷாந்த் இறங்கியபோது அவன் தோளில் பச்சை நிறத்தில் நீளமாக ஒரு பை தொங்கியது. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறும் கற்படிகளை அவன் கடப்பதற்குள் அந்தப் பையைப் பற்றி மேலே மூன்று கருத்துகள் உருவாகிவிட்டன. கிரிக்கெட் மட்டை என்றாள் ராசம்மா. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இன்னொருத்தி, பாட்டுக் கச்சேரிக்காரர்கள் வைத்திருக்கிற சாமான் என்றாள். ராசம்மாவின் புருஷன் வீரய்யா நிமிர்ந்தே பார்க்காமல், "என்னாவா இருந்தா என்னா, ரெண்டு மாசத்துல கோழிக்கூடாயிரும்" என்றார்.

அது கூடாரம். சொந்தம் இல்லாவிட்டாலும் படுத்துக்கொள்ள ஒரு காம்பராவும் மேலே ஒரு தகரக் கூரையும் இருக்கிற மனுஷன் எதற்காகக் காட்டில் துணிக்குள் போய்ப் படுக்க வேண்டும் என்று லயத்தில் யாருக்கும் விளங்கவில்லை. கிஷாந்த் கொழும்பில் ஃபோன் கடையில் வேலை பார்க்கிறவன். அங்கே எல்லாரும் இப்போது இப்படித்தான் போகிறார்களாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்த அத்தனை பெண்களும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்திருக்க, கிஷாந்தும் அவன் கூட்டாளி யோகேஸ்வரனும் அந்தக் கூடாரத்தை ஒத்திகைக்காகக் கட்டினார்கள். ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் படுத்தது. இரண்டு பக்கமும் நின்றபோது வாசல் பீலித் தண்ணீரைப் பார்த்து இருந்தது.

"யோகேசு, பாத்துடா. உள்ள போனா வெளிய வர்ற வழி எங்கனு கேட்டு வச்சுக்க" என்றாள் ராசம்மா.

"நீங்களும் வாங்களேன் அக்கா, மீன் பொரிச்சுக் குடுக்க."

"நான் எதுக்கு? மீனு ஒங்களப் பாத்துச் சிரிச்சே செத்துரும்."

பீலிக்கரையே சிரித்தது. சிரிக்காமல் நின்றவள் யோகேஸ்வரனின் பெண்டாட்டி சர்மிளா ஒருத்திதான். காம்பரா வாசலில் இரண்டு கைகளையும் இடுப்புக்குப் பின்னால் கொடுத்து, நிறைமாத வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாள். புருஷன் மீன் பிடிக்கப் போகிறான் என்ற செய்தியை மற்றவர்களோடு சேர்ந்துதான் அவளும் அறிந்துகொண்டாள்.

திட்டம் என்னவோ பெரிய திட்டம். மலைக்கு அந்தப் பக்கம், காட்டுக்கு நடுவில் நில்வெவ என்று ஓர் ஏரி. சுற்றிலும் பூங்கா ஆக்கிவிட்டார்களாம். டிக்கட் வாங்கினால் கரையிலேயே கூடாரம் அடித்துத் தங்கலாம், தூண்டில் போடலாம். மூன்றாவது ஆள் சிவகரன், பொகவந்தலாவை பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் சிதம்பரநாதன் முதலாளியின் மகன். ஃபோனில் ஒரு குரூப் தொடங்கி, ஐந்து நாள் ராப்பகலாக அதில் திட்டம் போட்டார்கள். கோழியை எங்கே ஊறவைப்பது, அடுப்பு யார் கொண்டுவருவது, அட்டை கடித்தால் உப்பா சவர்க்காரமா என்றெல்லாம் பெரிய விவாதம். மகாநாடு கூட்டுகிறவர்கள்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள். தூண்டில் சிவகரனுடையது. கூடாரம் கிஷாந்துடையது. வேன் முதலாளியுடையது. யோகேஸ்வரனுக்கு என்று மிஞ்சியது புழு.

"புள்ளத்தாச்சி புருஷன் உசுரக் கொல்லக் கூடாதுன்னு தாடி மட்டும் வளக்கத் தெரியுது. மீனுக்கு உசுரு இல்லயாக்கும்?" என்று ராசம்மா அவன் காதில் விழும்படி சுவரிடம் கேட்டாள்.

சர்மிளா அப்படியெல்லாம் கேட்கவில்லை.

"எப்பங்க போறீங்க?"

"வெள்ளி விடியக்காலயில. சனிக்கெழம வந்துருவோம். ஒனக்குத்தான் இன்னும் மூணு கெழம இருக்குன்னு கிளினிக்ல சொன்னாங்களே."

"மொதவாட்டியும் இருக்குன்னுதான் சொன்னாங்க."

அவன் சிவகரன் கொடுத்தனுப்பிய தூண்டில் முள்ளில் நரம்பைக் கட்டிக்கொண்டிருந்தான்.

லயத்தில் வாய்விட்டுப் பேசாத விஷயம் என்று ஒன்று இருந்தால் அது இந்த முதல் வாட்டிதான். ஆறு வருஷத்துக்கு முன்பு அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பிறந்தது என்று சொல்வதும் சரியில்லை. மழையில் ரோடு சரிந்து கிடந்த நாள். சர்மிளாவை ஏற்றிப் போன தோட்டத்து லொறி, மண்ணை வெட்டி ஒதுக்கும் வரை பாதி வழியில் நின்றது. லொறியிலேயே வந்துவிட்டது. அழவில்லை. சர்மிளா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அது ராசம்மாவின் சேலையில் கிழித்த துண்டுக்குள் லயத்துக்குத் திரும்பி வந்தது. யோகேஸ்வரன் அப்போது கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. எல்லாம் முடிந்தபின்தான் வந்து சேர்ந்தான்.

பல் முளைக்காத பிள்ளையை மயானத்துக்குக் கொண்டுபோவதில்லை. தப்பு அடிக்க மாட்டார்கள், கல் வைக்க மாட்டார்கள், கருமாதி கிடையாது. காம்பராவை ஒட்டியே ஓர் இடத்தில் வைத்து மூடிவிடுவார்கள். பக்கத்திலேயே இருந்தால் அதே வயிற்றுக்குத் திரும்பி வரும் என்பது அங்கே பெண்களின் நம்பிக்கை. தூரமாகக் கொண்டுபோனால் பாவம், வழி தெரியாமல் நிற்குமாம். குழி வெட்டியது வீரய்யா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சர்மிளாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டியதும் அவர்தான்.

யோகேஸ்வரனுக்கு யாரும் காட்டவில்லை. சர்மிளா காட்டியிருப்பாள் என்று வீரய்யா நினைத்தார். வீரய்யா காட்டியிருப்பார் என்று சர்மிளா நினைத்தாள். அவன் கேட்டிருக்கலாம். வந்த புதிதில் கேட்டால் அவள் அழுவாள் என்று கேட்கவில்லை. கொஞ்ச நாள் போனபின் கேட்க வெட்கமாக இருந்தது. வருஷங்கள் ஓடியபின், என் பிள்ளையை எங்கே புதைத்தீர்கள் என்று ஒரு தகப்பன் யாரிடம் போய்க் கேட்பான்? ஆணா பெண்ணா என்றுகூட அவன் கேட்டதில்லை. சர்மிளா 'அது' என்றாள். அவனும் 'அது' என்றான். அப்படியே போய்விட்டது.

இப்போது அதே பிள்ளைதான் திரும்பி வருகிறது என்று சர்மிளா நம்பினாள். பஸ்ஸில் ஏறிவிட்ட ஆளுக்காகச் சந்தியில் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள்.

புழுவுக்கு வருவோம். மாசி மாதத்துப் பனி விழுந்து காய்ந்த மண். எங்கே கொத்தினாலும் கல்லைப்போல் இருந்தது. தண்ணீர் ஓடும் கானோரம் பார்த்தான், மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் பார்த்தான். நாலு புழு, அதுவும் நூல் நூலாக. வியாழக்கிழமை சர்மிளா கிளினிக்குக்குப் போயிருந்தாள், ராசம்மா மலையில் கொழுந்து பறிக்க, வீரய்யா பஜாருக்கு. லயத்தின் பின்புறம் அவரவர் காம்பராவுக்கு நேரே அவரவர் காய்கறிப் பாத்தி. சர்மிளாவின் பாத்தியில் லீக்ஸ் இருந்தது, போஞ்சி இருந்தது, உள்ளங்கை அளவு இடத்தில்கூட மல்லித்தழை இருந்தது. சௌசௌப் பந்தலுக்குக் கீழே ஒரு மூலை மட்டும் வெறும் மண். அதில் ஒன்றும் நட மாட்டாள். ஆனால் தினம் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவாள்.

செடியே இல்லாத மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிற பெண்டாட்டியைப் பார்த்தால் ஒரு புருஷனுக்கு ஏதாவது தோன்ற வேண்டாமா? அவனுக்கும் தோன்றியது. ஈர மண், புழு இருக்கும் என்று.

மண்வெட்டி முதல் கொத்திலேயே வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. கறுத்த, பொலபொலவென்ற மண். ஒவ்வொரு கட்டியிலும் புழுக்கள், விரல் தடிமனில், இளஞ்சிவப்பாக. வெறும் பால்மா டின் ஒன்றில் மண்ணும் புழுவுமாக அள்ளி நிரப்பினான். நடுவில் ஒரு துணித் துண்டு வந்தது. பூப்போட்ட துணி, மண்ணோடு மண்ணாக மக்கியது. மண்வெட்டியின் நுனியால் எடுத்து வேலிப்பக்கம் வீசினான்.

மண் சூடாக இருந்தது.

புல்லில் பனி இன்னும் வெள்ளையாக இருந்த காலை நேரம். இந்த மண் மட்டும், தூங்கி எழுந்தவன் படுக்கையைத் தொட்டதுபோல் இருந்தது. உரச்சூடு என்று நினைத்துக்கொண்டு மூடியை அழுத்தினான்.

வெள்ளி விடிய வேன் புறப்பட்டது. டின் யோகேஸ்வரனின் கால்களுக்கு இடையில். இராகலை தாண்டியதும் சிவகரன் மூக்கைச் சுளித்தான்.

"யாருடா வேன்ல பால கொட்டுனது?"

யாரும் பால் கொண்டுவரவில்லை. ஆனாலும் அந்த வாடை இருந்தது. காய்ச்சிய பாலின் வாடை அல்ல, பச்சையாக, கொஞ்சம் புளித்து, கைக்குழந்தையின் கழுத்து மடிப்பில் வருகிற வாடை. ஜன்னலைத் திறந்தார்கள். போகவில்லை. ஒவ்வொரு வளைவிலும் டின்னின் மூடி உள்ளிருந்து 'டொக்' என்றது.

"புழு முட்டுது" என்றான் கிஷாந்த்.

"புழுவுக்கு ஏதுடா நெத்தி?" என்றான் சிவகரன். மூன்று பேரும் சிரித்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

நில்வெவ அழகான இடம்தான், குறை சொல்வதற்கில்லை. மூன்று பக்கமும் காடு. ஒரு பக்கம் புல் சரிவு. தண்ணீர் அசையாமல், கண் மூடாத ஒருத்தியின் கண்போல் கிடந்தது. வாசல் காவலாளி டிக்கட் கிழித்துக் கொடுத்தான். அன்று அவர்களைத் தவிர வேறு யாரும் வந்திருக்கவில்லை. கூடாரம் அடித்து, கோழி சுட்டு, பாட்டுப் போட்டு, பிற்பகல் சாய்ந்தபின் தூண்டிலோடு கரையில் உட்கார்ந்தார்கள். ஃபோனுக்குச் சிக்னல் கோடு கிடைக்கவில்லை. அதுவும் நல்லதுதான், தொல்லையில்லை என்று யோகேஸ்வரன் சொன்னான்.

மீன் கடிக்கவில்லை. புழுவைக் கோத்துப் போட்டால், கொஞ்ச நேரத்தில் முள் சுத்தமாகத் திரும்பி வந்தது. யாரோ கவனமாகக் கழற்றி எடுத்ததுபோல.

"இப்பிடிக் கிள்ளிக் கிள்ளிப் போட்டா வராது. மொத்தத்தயும் கொட்டுடா, வாடைக்கு வரட்டும்" என்றான் கிஷாந்த்.

யோகேஸ்வரன் டின்னைக் கவிழ்த்தான். மண் கட்டியாக விழுந்து, தண்ணீருக்குள் கறுப்புப் புகைபோல் விரிந்து, மெல்ல மறைந்தது. பால் வாடை ஒருமுறை குப்பென்று எழுந்து, பிறகு இல்லாமல் போயிற்று.

அப்போதுதான் பனி இறங்கியது.

மலைக்காரர்களுக்குப் பனி புதிதல்ல. ஆனால் இது மேலிருந்து வரவில்லை. தண்ணீரிலிருந்து எழுந்து கரைக்கு வந்தது. எதிர்க்கரைக் காடு போயிற்று. ஏரியின் நடு போயிற்று. தூண்டில் மிதப்பின் சிவப்பு மட்டும் தெரிந்தது.

மிதப்பு நகர்ந்தது.

மீன் கடித்தால் மிதப்பு அமுங்கும், உள்ளே இழுக்கும். இது அமுங்கவில்லை. கரையை நோக்கி வந்தது. நரம்பு தொய்ந்து யோகேஸ்வரனின் காலடியில் சுருண்டது. கொஞ்சம் வந்து நின்றது. மறுபடி கொஞ்சம் வந்தது. புதிதாக நடக்கப் பழகும் பிள்ளை விழாமல் இருக்க நின்று நின்று வருமே, அப்படி.

"காத்துடா" என்றான் சிவகரன்.

காற்று இல்லை.

அந்த நேரம் பார்த்து கிஷாந்தின் ஃபோன் 'டிங்' என்றது. எங்கிருந்தோ ஒரு கோடு கிடைத்து, மத்தியானம் ராசம்மா பேசி அனுப்பிய குரல் செய்தி அப்போதுதான் வந்து விழுந்தது. கிஷாந்த் அமுக்கினான். பனிக்குள் ராசம்மாவின் குரல் மூச்சு வாங்கியது. முதல் தடவையாக அதில் நையாண்டி இல்லை.

"கிஷாந்து, யோகேசுகிட்ட குடு. யோகேசு, பந்தலுக்குக் கீழ புழு தோண்டுனது நீதானாடா? அடப்பாவி, அது ஒம் புள்ளடா. ஒனக்குத் தெரியாதா? என் சேலத் துணி வேலியில தொங்குது. காலயில நீங்க போனதும் சர்மிளா பாத்துட்டா. குழிக்கிட்டயே ஒக்காந்துட்டா. வலி வந்துருச்சு. வகுத்துல புள்ள அசையலங்குறா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். டேய், அந்த மண்ண எங்கயும் கொட்டிராத. அப்பிடியே கொண்டா. அத விட்டுட்டு வராத, கேட்டியா? அத விட்டுட்டு..."

செய்தி அத்தோடு அறுந்தது, கோடும் போயிற்று. அதன்பின் ஒரு செய்தியும் வரவில்லை.

கிஷாந்த் தன் கைகளைப் பார்த்தான். புழு கோத்த கை. அதே கையால்தான் கோழியும் தின்றிருந்தான். புல்லில் குனிந்து ஓங்கரித்தான். யோகேஸ்வரன் வெறும் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான். விரிந்த மண்ணை இனி எந்தக் கையால் அள்ளுவது?

மிதப்பு கரையைத் தொட்டு நின்றது.

"நான் கெளம்புறேன்" என்றான் சிவகரன். குரல் கிசுகிசுப்பாக வந்தது. "இப்பவே. நீங்க வாறதுன்னா வாங்க."

"அத எப்பிடிடா விட்டுட்டு வாறது? அது வராட்டி சர்மிளா வகுத்துல இருக்குறதும்..." யோகேஸ்வரனால் முடிக்க முடியவில்லை.

"அப்ப பேர் சொல்லிக் கூப்புடு. எங்க அப்பாயி சொல்லும், பேர் சொன்னாத்தான் வரும்னு."

"பேரு வைக்கல."

"சரி, மகனேன்னு கூப்புடு. இல்ல மகளேன்னு."

யோகேஸ்வரன் வெறும் டின்னின் விளிம்பைத் தடவினான்.

"என்னாடா?"

"தெரியாது."

"என்னா தெரியாது?"

"மகனா மகளான்னு எனக்குத் தெரியாது."

கூட்டாளிகள் இருவரும் அவனைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. பயத்தைவிட மோசமான இன்னொன்றும் இருந்தது.

"எங்கப்பா வேன்டா அது" என்றான் சிவகரன் கடைசியில். "சாமி படம் வச்சிருக்கு. நீ வாறதுன்னா அது இல்லாமத் தனியா வா."

யோகேஸ்வரன் போகவில்லை. பெண்டாட்டியின் முன் வெறும் டின்னோடு போய் நிற்பதை நினைத்தால், பனிக்குள் நிற்பது பெரிதாகத் தெரியவில்லை. கூடாரத்தைப் பிரிக்கக்கூட நிற்காமல் மற்றவர்கள் ஓடினார்கள். வேனின் சிவப்பு விளக்கு இரண்டும் பனியில் கரைந்தன.

யோகேஸ்வரன் தண்ணீர் ஓரமாக வந்தான்.

"ஏ... புள்ள" என்றான்.

ஒன்றும் அசையவில்லை.

"புள்ள... வா. வீட்டுக்குப் போவோம்."

தண்ணீரில் ஒரு விக்கல் சத்தம் கேட்டது. பால் குடித்த பிள்ளைக்கு வருமே, அந்த விக்கல். இடது பக்கம் ஒன்று. பிறகு வலது பக்கம், இன்னும் கிட்டத்தில்.

அவனுக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஆறு வருஷமாக ஒரு தடவைகூடத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளாத ஒரு வார்த்தை வாயில் வந்தது.

"அப்பா வந்திருக்கேன்."

விக்கல் நின்றது.

இடது கைச் சுண்டு விரலை ஏதோ பிடித்தது.

சின்னதாக. ஈரமாக. இறுக்கி.

அந்த ராத்திரியை அவன் எப்படிக் கழித்தான் என்று லயம் பிற்பாடு எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தது. அவன் சொல்லவில்லை. விடிந்ததும் வாசல் காவலாளி பார்த்திருக்கிறான். கூடாரம் நனைந்து விழுந்து கிடக்க, ஒருத்தன் இடது கையை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, தோள் சாய்த்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து ரோட்டுக்கு ஏறிப் போனானாம்.

அட்டன் பஸ்ஸில் கூட்டமில்லை. ஆனால் அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கீழே பார்க்கவும் துணியவில்லை. விரல் விறைத்து வலித்தது. முன்சீட்டில் மரக்கறிக் கூடையோடு இருந்த சிங்களப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், காலியான இடத்தைப் பார்த்தாள். அவள் முகம் கனிந்தது.

"மல்லி, துவட சீதலய் நே" என்றாள்.

தம்பி, மகளுக்குக் குளிருதே என்று. நகர்ந்து சீட்டில் இடம் விட்டாள்.

பெற்ற பிள்ளை பெண் என்று யோகேஸ்வரன் தெரிந்துகொண்டது அப்படித்தான். பஸ்ஸில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து.

படியேறி வந்தவனை லயமே வாசலில் நின்று பார்த்தது. ராசம்மா விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்தாள்.

"வந்துட்டியா? புள்ள பொறந்த வீட்டுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சதா?"

"பொறந்துருச்சா அக்கா? எப்ப?"

"நேத்தே. வெயில் இருக்கையிலயே பொறந்துருச்சு. அனுப்புன சேதி ஒண்ணும் வரலியா? பய. ஆஸ்பத்திரியே அதிருற மாதிரி கத்துனான். தாயும் புள்ளயும் நல்லா இருக்காங்க, ஒன் புண்ணியத்துல இல்ல."

யோகேஸ்வரன் படியில் உட்கார்ந்தான். வெயில் இருக்கையிலேயே. அவன் தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டதோ பனி இறங்கியபின். வயிற்றில் இருந்தவன் யாரையும் எதிர்பார்க்காமல் தன் பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறான். அவன் வேறு ஆள். அப்படியானால் கூப்பிட்ட குரலுக்கு வந்தவளுக்குப் போக ஒரு வயிறு இல்லை. புதைந்து கிடக்க ஒரு மூலையும் இல்லை.

"அக்கா, மொதப் புள்ள..."

"அதுக்கு என்னா இப்ப?"

"பொட்டப் புள்ளதானே?"

"தல நெறய முடியோட" என்றாள் ராசம்மா. பிறகு விளக்குமாறு தாழ்ந்தது. "ஏண்டா அத எங்கிட்டக் கேக்குற? ஒனக்குத் தெரியாதா?"

தகப்பனுக்கே அது தெரியாது என்பதுதான் ராசம்மா யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்ட ஒரே சேதி என்பார்கள். அது எப்படி வெளியே வந்தது என்று கேட்காதீர்கள்.

அவன் பந்தலுக்குக் கீழிருந்த குழியை மூடினான். தண்ணீர் ஊற்றினான். வேலியிலிருந்த துணியை எடுத்து, ஈர மண்ணைக் கிளறி உள்ளே வைத்துப் பார்த்தான். சுண்டு விரலைப் பிடித்த பிடி விடவில்லை. சர்மிளாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்டு வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பினான். பச்சைப் பிள்ளை இருக்கிற இடத்துக்கு இதைக் கூட்டிக்கொண்டு எப்படிப் போவது? சர்மிளா அவனை நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

அவள் வீட்டுக்கு வந்த அன்று பெண்கள் கூடி ஆலாத்தி சுற்றி, தாயையும் மகனையும் உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அவன் வெளியே இஸ்தோப்புத் திண்ணையிலேயே இருந்துவிட்டான். வீட்டில் பெண்கள் கூட்டம், எனக்கென்ன வேலை என்று சொல்லிக்கொண்டான். இடது கையை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டி வைத்திருந்தான். ஆம்பிளைகளுக்கு இந்த வெட்கம் நல்லதுதான் என்று வீரய்யா சிரித்தார்.

பொழுது சாய்ந்தது. வந்தவர்கள் அவரவர் காம்பராவுக்குப் போனார்கள். மலையின் மேலிருந்து பனி ஒவ்வொரு தேயிலை வரிசையாக மூடிக்கொண்டு இறங்கியது.

"என்னாங்க" என்றாள் சர்மிளா உள்ளிருந்து.

குழியைப் பார்த்த நாளிலிருந்து அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. அவன் எழுந்து வாசலுக்கு வந்தான். அவள் பாயில் ஒருக்களித்துப் படுத்து மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பவில்லை.

"அவள எத்தன நேரந்தான் வெளியவே நிப்பாட்டி வச்சிருப்பீங்க? பனி எறங்குது."

அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

சர்மிளா மகனை அணைத்தபடி மெல்ல நகர்ந்தாள். அவளுக்கும் சுவருக்கும் நடுவில் பாயில் கொஞ்சம் இடம் வந்தது. பெரிய இடமல்ல. ஒரு சின்னப் பிள்ளை கால் மடக்கிப் படுக்கிற அளவு.

அவன் சுண்டு விரலில் இருந்த பிடி விட்டது.

வாசற்படி தாண்டிக் குளிர் ஒன்று உள்ளே போயிற்று. பாயில் விரித்திருந்த சேலை லேசாக அமுங்கியது. சர்மிளா தன் முந்தானையை எடுத்து, மகனை மூடாமல், அந்தப் பக்கம் திரும்பி வெறும் இடத்தின்மேல் போர்த்தினாள். யோகேஸ்வரன் ஒரு காலைத் தூக்கிப் படிக்குள் வைத்தான்.

"கதவச் சாத்துங்க" என்றாள் அவள்.

அவன் உள்ளே வந்து சாத்தப் போனான்.

"வெளியில இருந்து சாத்துங்க."

சாத்தினான். பனிக்குள் நின்றான். உள்ளே சர்மிளா தாழ்ந்த குரலில் எதையோ சொன்னாள். அவளுடைய பேச்சு முடிந்ததும் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சர்மிளா சிரித்து ஆறு வருஷம் ஆகிறது. பிறந்து இத்தனை நாளான பயலுக்கு இன்னும் சிரிக்கத் தெரியாது.